இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள் பனி: துடைப்பதும் சீல் வைப்பதும் எப்படி?

"ஜன்னலுக்கு உள்ளாற பனி புடிச்சிருக்குதுங்க, எந்தப் பக்கம் தொடச்சாலும் போக மாட்டேங்குது." இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆன வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. கோவையில் அவினாசி சாலையை ஒட்டியும் விமான நிலையத்தைச் சுற்றியும் குடியிருப்பவர்கள், சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே வீடு கட்டியவர்கள், ஏ.சி. கரண்ட் பில்லுக்குப் பயந்தவர்கள் என்று ஆளுக்கொரு காரணத்துக்காக இந்த ஜன்னலை வாங்கினார்கள். விற்கும்போது "இதுக்குப் பராமரிப்பே கிடையாதுங்க" என்று சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. கண்ணாடிக்கு அவ்வளவாகப் பராமரிப்பு வேண்டாம். அதன் ஓரத்துக்கு வேண்டும். அதிலும் கீழ் ஓரத்துக்கு.

உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டு, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் மூடினால் அது ஒரு 'யூனிட்'. 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 5 மி.மீ. கண்ணாடி என்பது வீடுகளில் பரவலாகக் காணும் அளவு. மொத்தம் 22 மி.மீ. வரும். நடுவில் வெற்றிடம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இருப்பது உலர்ந்த காற்று. சிலவற்றில் ஆர்கான் வாயு. இவ்வளவு அகலமான இடைவெளியை வெற்றிடமாக விட்டால் வெளிக்காற்றின் அழுத்தமே இரண்டு கண்ணாடிகளையும் உள்ளே அமுக்கி நொறுக்கிவிடும்.

ஓரத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வெள்ளி நிறப் பட்டை ஒன்று ஓடும். அதன் பெயர் ஸ்பேசர். உள்ளே வெற்றாக இருக்கும் அலுமினியக் குழாய் அது. அதற்குள் குட்டிக் குட்டி மணிகளை நிரப்பியிருப்பார்கள். புதுச் செருப்பு டப்பாவில் 'சாப்பிடக் கூடாது' என்று எழுதிய சிறு பொட்டலம் ஒன்று கிடக்குமே, அது செய்யும் வேலையைத்தான் இந்த மணிகளும் செய்கின்றன: ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைப்பது. ஸ்பேசரையும் கண்ணாடியையும் ஒட்டுவது பியூட்டைல் என்ற கருப்புப் பசை. அதற்கு வெளியே பாலிசல்பைடு அல்லது சிலிக்கானால் ஆன இரண்டாவது பசை ஒன்று உண்டு. வெளிப்பசை கண்ணாடிகளைப் பிடித்து நிறுத்துகிறது. நீராவியை உள்ளே விடாமல் தடுப்பது பியூட்டைல். இந்த வித்தியாசம் கட்டுரையின் பின்பகுதியில் தேவைப்படும்.

அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதுதான் இந்த ஜன்னலின் மொத்த ரகசியமும். வெளியே 38 டிகிரி, உள்ளே ஏ.சி. போட்டு 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக சுமார் 75 வாட் வெப்பம் உள்ளே வரும். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

ஆனால் இது வெப்பநிலை வித்தியாசத்தால் வரும் வெப்பத்துக்கான கணக்கு மட்டும். கண்ணாடியில் நேராக விழும் வெயில் ஒரு சதுர மீட்டருக்குப் பல நூறு வாட். பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடி ஒன்றானாலும் இரண்டானாலும் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த அறை கொதிப்பதற்கு ஜன்னலைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே தேவை ஒரு நல்ல சன்ஷேடு, இல்லாவிட்டால் வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி.

சத்தத்துக்காக வைத்தவர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். விரல் நுழைகிற சந்து ஒன்று சட்டத்தைச் சுற்றி இருந்தால் போதும், கண்ணாடிக்குச் செலவழித்த காசெல்லாம் அந்தச் சந்து வழியாகப் போய்விடும். 'முன்னெல்லாம் லாரிச் சத்தம் கேட்காது, இப்போது கேட்கிறது' என்றால் கண்ணாடியைவிட அதன் ஓரத்து ரப்பரையும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வைத்த சிலிக்கானையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஏன் கெட்டுப்போகிறது?

இரவில் 20 டிகிரியில் இருக்கும் யூனிட் மதிய வெயிலில் 50 டிகிரிக்குப் போனால், அடைபட்ட காற்றின் அழுத்தம் பத்து சதவீதம் வரை ஏறப் பார்க்கும். கண்ணாடிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெளியே பிதுங்கி, இரவில் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் ஓரத்துப் பசை இழுபட்டுத் தளர்கிறது. பதினைந்து வருடத்தில் ஐயாயிரம் தடவைக்கு மேல் இது நடந்திருக்கும். இதை நாம் தடுக்க முடியாது.

தடுக்கக்கூடியது வேறொன்று: கீழ்ச் சட்டத்துக்குள் தேங்கும் தண்ணீர். யூனிட்டின் கீழ் ஓரம் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினால் பசை சீக்கிரம் விட்டுவிடும். ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஸ்பேசர் மணிகள் முடிந்தவரை உறிஞ்சும். அவை நிரம்பிய பிறகுதான் நம் கண்ணுக்குப் பனி தெரிகிறது. அதாவது பனி தெரியும் நாளுக்கு வெகு முன்பே சீல் போயிருக்கும்.

பனி எந்தப் பக்கம்?

விரலால் துடைத்துப் பாருங்கள். அறைப் பக்கம் துடைத்ததும் போனால் அறைக்குள் ஈரம் அதிகம் என்று அர்த்தம். ஜன்னலில் குறை இல்லை. வெளிப்பக்கம் துடைத்துப் போனால், ஏ.சி.யால் குளிர்ந்த கண்ணாடியில் விடியற்காலை ஈரக்காற்று பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் துடைத்துப் போகவில்லை என்றால் அது நடுவில் இருக்கிறது. தொடக்கத்தில் காலையில் தோன்றி மதியம் மறைந்துவிடும். வருடங்கள் போகப் போக வெள்ளைத் திட்டாகவும் வழிந்த தடமாகவும் நிலைத்துவிடும்.

வானவில் போல நிறக்கோடுகள் தெரிகின்றன என்று சிலர் பதறுவார்கள். கண்ணாடியை உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். கோடுகள் நகர்ந்தால் அது ஒரே தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி செய்யும் வேலை. விட்டுவிடலாம்.

பழைய வீடு வாங்கியவர்களுக்கு ஜன்னல் இரட்டைக் கண்ணாடிதானா என்பதே சந்தேகமாக இருக்கும். இரவில் செல்போன் டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்தால், ஒவ்வொரு பரப்புக்கும் ஒன்றாக நான்கு பிம்பங்கள் தெரியும். ஒற்றைக் கண்ணாடியில் இரண்டுதான் தெரியும். நான்கில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் அந்தப் பரப்பில் வெப்பத்தைத் திருப்பும் பூச்சு இருக்கிறது.

துடைப்பது

நம் பக்கத்து ஜன்னலுக்கு எதிரிகள் இரண்டு: காற்றும் தண்ணீரும். ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஸ்லைடிங் டிராக்கில் கொட்டும். நூல் மில்லோ தறிக்கூடமோ பக்கத்தில் இருந்தால் பஞ்சும் சேர்ந்துகொள்ளும். புழுதியும் பஞ்சும் சாரலில் நனைந்தால் சேறாகி, காய்ந்தால் கட்டியாகிவிடும்.

அந்தக் கட்டி அடைப்பது எதை? சட்டத்தின் கீழ்ப்பகுதியில் வெளிப்பக்கமாகச் சிறு துளைகள், நீளவாக்கில், சில இடத்தில் பிளாஸ்டிக் மூடி போட்டு இருக்கும். டிராக்கில் விழும் மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்காக வைத்தவை. இவற்றைக் குறை என்று நினைத்துச் சிலிக்கான் வைத்து அடைத்தவர்கள் உண்டு. பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்க வருபவர் பட்டி பூசும்போது அடைத்துவிடுவார். குளவி மண் வைத்து அடைக்கும். யார் அடைத்தாலும் விளைவு ஒன்றுதான்: தண்ணீர் உள்ளேயே நிற்கும், யூனிட் ஊறும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வது என்று முடிவெடுத்தால், இந்தத் துளைகளைத் திறந்து வைப்பதையே செய்யுங்கள்.

முதலில் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் டிராக்கைக் கூட்டி எடுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு தென்னஞ்சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவித் துளைக்குள் விட்டுக் கிளறுங்கள். கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீரை டிராக்கில் ஊற்றி வெளியே போய்ப் பாருங்கள். வடிந்தால் சரி. நின்றால் மறுபடி ஈர்க்குச்சி. ஆடிக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை போதும்.

அப்புறம் கண்ணாடி. நேரே ஈரத்துணி போடக் கூடாது. மேலே படிந்த மணல் தேய்ந்து கீறல் விழும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீரில் பாத்திரம் விளக்கும் திரவம் சில சொட்டு விட்டு, ஸ்பாஞ்சால் கழுவி, ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்துவிடுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னலை மாலையிலும் மேற்குப் பார்த்ததைக் காலையிலும் கழுவுவது நல்லது. வெயிலில் சுட்ட கண்ணாடியில் சோப்பு உடனே காய்ந்து கறையாகும். டஃபன் செய்யாத, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்காத, கண்ணாடியாக இருந்தால் குளிர்ந்த தண்ணீர் பட்டு விரிசல்கூட விடலாம். கார் கழுவும் பிரஷர் பைப்பை ஜன்னல் ஓரத்தில் காட்டவே கூடாது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. காய்ந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. கழுவுவது எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசி அலசல் சிறுவாணியாகவோ பவானித் தண்ணீராகவோ இருக்கட்டும். இன்னொன்று: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பிடித்து வைத்து ஜன்னல் துடைப்பார்கள். அது குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். போர் தண்ணீரைவிட மோசமாகக் கறை விடும். அதை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே படிந்த உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து, சில நிமிடம் ஒட்டி வைத்துத் துடைத்தால் போகும். ஜன்னல் திண்டு கடப்பாக் கல்லாகவோ மார்பிளாகவோ இருந்தால் அதன்மேல் வழிய விடாதீர்கள். சுண்ணாம்பு வகைக் கற்களை அமிலம் அரித்துவிடும். பாத்ரூம் ஆசிட் எந்த நிலையிலும் வேண்டாம். அலுமினியச் சட்டமும் கொக்கிகளும் போய்விடும். யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் சட்டத்துக்குத் தின்னரும் கம்பி நாரும் ஆகாது.

ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வழக்கம். பளபளக்கும், ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸும் பெட்ரோல் வகை எண்ணெய்களும் இந்த வகை ரப்பரை ஊதிப்போகச் செய்யும். சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைத்தால் போதும். கீலுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாம்.

சீல் வைப்பது

வீட்டில் நாம் செய்யக்கூடிய சீல் மூன்று இடங்களில்: சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள ரப்பர், ஸ்லைடிங் கதவுகள் உரசும் இடத்தில் உள்ள மயிர் பட்டை. மூன்றாவதைப் பழையதை உருவிவிட்டுப் புதியதை நுழைத்தால் ஆயிற்று.

ரப்பர் வயதாக ஆகச் சுருங்கும். முதலில் மூலைகளில் விலகும். மழைத்தண்ணீர் அங்கேதான் இறங்கும். ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சட்டத்துக்குச் சட்டம் வடிவம் மாறுவதால் வாயால் சொல்லி வாங்க முடியாது. மாட்டும்போது இழுத்து மாட்டக் கூடாது. இழுத்த ரப்பர் சில மாதத்தில் பழைய நீளத்துக்குத் திரும்பி, மறுபடி மூலையில் சந்து விடும். தேவையைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டி, இரு முனைகளையும் முதலில் பொருத்தி, மிச்சத்தை நடு நோக்கி அமுக்கிக்கொண்டே வாருங்கள்.

சுவர் ஓரத்துக்குச் சிலிக்கான். இங்கேதான் கடையில் தவறு நடக்கிறது. 'சிலிக்கான் ஒண்ணு குடுங்க' என்றால் விலை குறைந்த, வினிகர் வாடை அடிக்கும் ரகத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது மீன் தொட்டி ஒட்ட நல்லது. சிமெண்ட் பூச்சில் சரியாகப் பிடிக்காது. காயும்போது வெளியேறும் அமிலம் உலோகத்தை அரிக்கும், யூனிட்டின் ஓரப் பசையையும் கெடுக்கும். 'நியூட்ரல் வெதர் சீலன்ட்' என்று கேட்டு வாங்குங்கள். நிறத்தையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். சிலிக்கான்மேல் பெயின்ட் நிற்காது.

பழைய சிலிக்கானைக் கட்டர் பிளேடால் முழுக்க அறுத்து எடுக்க வேண்டும். பழையதன்மேல் புதியது ஒட்டாது. அவசரக்காரர்கள் வைக்கும் சீல் ஒரே மழையில் உரிந்து வருவது இதனால்தான். தூசியைத் தட்டி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கான் டியூபைப் பிதுக்கும் 'கன்' கருவியால் ஒரே சீராக இழுங்கள். சந்து அகலமாக இருந்தால் முதலில் ஃபோம் கயிறு ஒன்றை உள்ளே திணித்துவிட்டு மேலே சிலிக்கான் வையுங்கள். அடிப்பக்கம் ஒட்டாமல் இரு பக்கம் மட்டும் பிடித்தால்தான் சட்டம் வெயிலில் விரியும்போது சிலிக்கானும் இழுத்துக் கொடுக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் நீவிவிட்டு, காய்வதற்கு முன் டேப்பை உரித்துவிடுங்கள். மேல் ஓரமும் இரு பக்கமும் தவறாமல்; கீழே வைக்கும்போது வடிகால் துளைகள்மேல் படக் கூடாது.

இதற்கு ஏற்ற காலம் தையும் மாசியும். ஆடியில் வைத்தால் ஈரச் சிலிக்கானில் புழுதி ஒட்டும், ஐப்பசியில் சுவர் காயாது.

உள்ளே பனி பிடித்துவிட்டால்

சுருக்கமான பதில்: துடைக்க முடியாது, ஒட்டவும் முடியாது, யூனிட்டை மாற்ற வேண்டும். சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. 'ஜன்னலையே மாத்தோணுமுங்க' என்று யாராவது சொன்னால், சட்டம் வளைந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அவை சரியென்றால் கண்ணாடி மட்டும் போதும்.

யூனிட்டைக் கழற்றி, ஓரத்தைக் கிழித்து, உள்ளே துடைத்து, சுற்றிலும் சிலிக்கான் வைத்து ஒட்டினால் என்ன என்று தோன்றும். கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும். சிலிக்கான் தண்ணீரைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. பியூட்டைல் இல்லை, ஸ்பேசர் மணிகளும் ஏற்கெனவே நிரம்பியவை. அடுத்த மழைக்காலத்தில் பனி திரும்பி வரும். கண்ணாடியில் ஓட்டை போட்டு ஈரத்தை வெளியேற்றும் முறையும் உண்டு. டஃபன் கண்ணாடியில் ஓட்டை போட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

ஸ்டோர் ரூம், மாடிப்படி ஜன்னல் என்றால் பனியோடு அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பார்வைக்கு மங்கல்; மற்றபடி இரண்டு கண்ணாடியும் நடுவில் காற்றும் இருப்பதால் வெப்பத்தையும் சத்தத்தையும் இன்னும் ஓரளவு தடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

மாற்றுவது என்றால் அளவு எடுக்கும் ஆள் நிதானமாக எடுக்கட்டும். டஃபன் கண்ணாடியைச் செய்த பிறகு வெட்டவோ இழைக்கவோ முடியாது. அகலம், உயரம், மொத்தத் தடிமன் மூன்றும் வேண்டும். பழைய ஸ்பேசரில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால் குறித்து வையுங்கள். வீட்டில் மற்ற ஜன்னல்கள் அதே தொகுப்பா என்று தெரியும். தனியாளாகக் கழற்றப் பார்க்காதீர்கள்: 5 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. நாலடிக்கு நாலடி ஜன்னல் 37 கிலோ வரை வரும். மாட்டும்போது கூடவே நின்று, யூனிட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகள் வைக்கிறார்களா என்று பாருங்கள். கட்டை இல்லாமல் சட்டத்தின்மேல் நேராக உட்கார்ந்த யூனிட் தேங்கும் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கும்.

ஊட்டி, கோத்தகிரியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கோவை சுமார் 400 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேலே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் அடைத்த யூனிட்டை மலைக்கு ஏற்றினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கண்ணாடி வெளியே பிதுங்கும். பிம்பம் கோணலாகத் தெரியும், ஓரப் பசை முதல் நாளிலிருந்தே இழுபடும், பெரிய யூனிட்டாக இருந்தால் வழியிலேயே உடையவும் கூடும். ஆர்டர் கொடுக்கும்போதே எந்த ஊரில் மாட்டப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அழுத்தம் சமமாவதற்காக ஸ்பேசரில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துக் கொடுப்பது உண்டு. அந்தக் குழாயை மூடாமல் விடும் யூனிட் என்றால் ஆர்கான் நிரப்பத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். அது அந்த வழியாகவே வெளியேறிவிடும்.